மூன்றாம் மாடியில் பூத்த ரொட்டி

கண்ணுக்குத் தெரியாத உயிரையும் கணக்கில் எடுத்துக்கொண்ட கல்விச் செல்வியே! பூஞ்சைப் பாடத்தைப் பொன்போல் போற்றிய பேராசிரியப் பெருமாட்டியே! மாணவர்கள் மறைவில் வைத்த பெயரை இன்று மேடையிலேயே சொல்லிவிடுகிறோம், பொறுத்தருள்க: எங்கள் காளானம்மாவே! வணக்கம்.

ஊரைப் போல் விரிந்த இந்தப் பல்கலைக்கழகத்தில், பேருந்துச் சத்தம் சன்னல் வழியே வந்து பாடத்தோடு கலக்கும் உயிரியல் கட்டடத்தில், இளம் விரிவுரையாளராய் நுழைந்து தலை நரைத்த பேராசிரியராய் விடைபெறுகிறீர்கள். முதலாண்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்த பிள்ளைகள், கடைசி ஆண்டில் தவளை ஜாடிக்குப் பக்கத்திலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் அளவுக்குத் தேறியது உங்கள் கைவண்ணம். நுண்ணோக்கியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தவன் எவனும் உங்களிடம் தப்பியதில்லை. நீங்கள் சிரித்துப் பார்த்தவர்கள் எங்களில் குறைவு. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவரை "நீங்கள், நீங்கள்" என்று புகழ்ந்தால் உங்களுக்குக் கூச்சம் வரும் என்று தெரியும். ஆகவே ஒரு நிகழ்ச்சியை மட்டும், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறோம்.

ஓர் ஆண்டு, கடைசி வகுப்பில் தையற்காரர் மகள் ஒருத்தி படித்தாள். ரொட்டித் துண்டுகளைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து, வெளிச்சத்தில் பூஞ்சை எப்படி வளர்கிறது, நிழலில் எப்படி வளர்கிறது என்று பார்ப்பது அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. தேர்வுக்குமுன் அதை முடித்தால்தான் பட்டம். மூன்றாம் மாடிச் சன்னல் மூலையில் தட்டுகளெல்லாம் பச்சையும் கறுப்புமாய்ப் பூத்துக் கிடந்தன. அந்த வாரம்தான் துப்புரவு வேலைக்குப் புதிதாக ஓர் அக்கா வந்து சேர்ந்தார். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அக்காவின் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. வந்த இடத்தில் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற வேகத்தில், அழுகிய ரொட்டியை அள்ளிக் குப்பையில் கொட்டி, தட்டுகளை ஃபினாயில் விட்டுத் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்துவிட்டார். அதோடு நில்லாமல் அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அக்காவுக்கு விளங்கவில்லை.

துறைத் தலைவருக்கு விளங்கியது. சாயங்காலத்துக்குள் ஆளை மாற்றச் சொல்லி ஒப்பந்தக்காரருக்கு ஆள் அனுப்பினார். பேராசிரியர் அம்மாவுக்கு அன்று பல்வலி. கன்னத்தைக் கையில் தாங்கியபடி வந்தார். பெண்ணைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் ஏன் கொட்டினாய் என்று கேட்டார்.

"ரொட்டி கெட்டுப் போயிருந்துச்சும்மா. பிள்ளைங்க மறந்துட்டுப் போயிடுச்சுங்கன்னு நெனச்சேன்."

"எங்க வீடா இருந்தா நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார் அம்மா. தலைவரிடம் திரும்பி, தொடாதே என்று ஒரு சீட்டு ஒட்டச் சொல்லியிருக்க வேண்டியது தன் பொறுப்பு என்றும், ஆய்வு முடியாமல் போனால் அப்போது பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தலைவர் விடவில்லை. தேர்வுக்குள் அந்தப் பெண் முடித்துக் கொடுத்தால் வேலைக்காரி இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும் என்று தீர்த்துவிட்டார். பூஞ்சைதானே, ஒரு வாரத்தில் தானாக வரும் என்று அம்மாவும் தலையாட்டிவிட்டார்.

வரவில்லை. புது ரொட்டி வைத்து வாரம் கழிந்தும் அது கடையில் வாங்கியது போலவே வெள்ளையாக இருந்தது. காய்ந்து விறைத்ததே ஒழிய ஒரு புள்ளி பூக்கவில்லை. தையற்காரர் மகள் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், இடம் மாற்றிப் பார்த்தாள். ஆயுள் முழுக்கப் பூஞ்சையோடு பழகிய அம்மாவுக்கே பிடிபடவில்லை. அழைக்காத இடத்திலெல்லாம் வந்து ஒட்டுவது, வருந்தி அழைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தேர்வு நெருங்கிவிட்டது. ஒருநாள் வகுப்பு தொடங்குமுன்பே அம்மா மாடி ஏறினார். அங்கே அக்கா, மேசையையும் சன்னலையும் தட்டு மூடிகளையும் ஃபினாயில் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் மூன்று வேளை துடைத்தாராம். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த அம்மாவின் மூலை, கட்டடத்திலேயே சுத்தமான மூலையாக இருக்க வேண்டும் என்று வைராக்கியம்.

அம்மா கோபப்படவில்லை. அந்த வாடை பட்டால் பூஞ்சை தலைகாட்டாது என்று எடுத்துச் சொல்லிவிட்டு, "ஒரு வாரம் இந்தப் பக்கம் துணியை எடுத்துட்டு வராதே. இப்போ அதுதான் உன் வேலை" என்றார்.

இதைவிடக் கடினமான வேலையை அக்கா அதுவரை பார்த்ததில்லை. தூசி படிவதைக் கண்டால் கை பரபரக்கும். வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். அந்த வாரம் முடியுமுன் ஒரு காலை, அம்மா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றார். வகுப்பு நடுவில் யார் வந்தாலும் அம்மாவுக்குப் பிடிக்காது. அக்காவுக்கும் அது தெரியும்.

"அம்மா, கெட்டுப் போச்சு" என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காளானம்மா மாடி ஏறியது அந்த ஒருநாள்தான். தையற்காரர் மகள் தேர்வுக்கு முந்தின நாள் ஆய்வை ஒப்படைத்தாள். துறைத் தலைவர் தம் சொல்லைக் காத்தார். அதையும் சொல்ல வேண்டியது முறை.

அம்மையீர்! மேடைக்கு வரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டோம். கீழ் மாடியில் வேலை கிடக்கிறது என்று வர மறுத்துவிட்டார். இந்த வாழ்த்து மடலில் என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "நான் இன்னும் வேலைல இருக்கேன்னு மட்டும் போடுங்க" என்றார். போட்டுவிட்டோம்.

கண்ணும் காலும் கடைசிவரை சொன்ன பேச்சுக் கேட்க, உண்டது செரித்து, உறக்கம் நிறைந்து, உற்றார் சூழ நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும் என வாழ்த்தி வணங்கி விடை தருகிறோம்.

இங்ஙனம்,
உயிரியல் கட்டடத்தின் துப்புரவு, ஆய்வக, காவல் பணியாளர்கள்