என் குரலை நம்பாதே என்று சொன்னேன்

பெயர் செண்பகவல்லி, வயது 51, கணவர் பெயர் தளவாய் (காலமானவர்), தொழில் சாலைக் கடைத்தெருவில் வத்தல், மல்லி வியாபாரம், இருப்பு ஆரியசாலை, திருவனந்தபுரம். சைபர் பிரிவு போலீஸ் அஸ்வதி கேட்க, நான் தமிழில் சொல்ல அவர் எழுதிக்கொண்டது.

சித்திரையில் நான் கொடுத்த புகாரில், போன பணம் வங்கி மூலம் திரும்பிவிட்டதால் "நஷ்டம் ஏதும் இல்லை" என்று எழுதி முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதன் பேரில் இன்று ஆஜராகியிருக்கிறேன். முடிக்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

சித்திரை மாதம் ஒருநாள் நான் கடையில் இருந்தபோது, கேஸ் ஏஜென்சி ஆள் என்று ஒருவன் போனில் கூப்பிட்டான். சுத்தமான திருநெல்வேலிப் பேச்சு. நாள் முழுக்க மலையாளத்தில் விலை சொல்லிச் சலித்த காதுக்கு அது இதமாக இருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று நானே குசலம் விசாரித்தேன். போனுக்கு ஒரு நம்பர் வரும், வாசியுங்கள் என்றான். வாசித்தேன். இவ்வளவு விவரங்கெட்டவளா என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு என் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விட்டது. எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது, எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவேன். அந்தப் பேச்சையெல்லாம் எடுத்து என் குரல் மாதிரியே செய்து, நாகர்கோவில் வடசேரியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் ஒரே மகள் திவ்யலட்சுமிக்கு, அப்பாவுக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், பணம் அனுப்பு என்று அனுப்பியிருக்கிறார்கள். அவள் கையில் இருந்ததை அனுப்பிவிட்டு, அழுதுகொண்டே பஸ் பிடித்து வந்தாள். அவள் வந்து நின்றபோது என் கணவர் கடையில் வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு புகார் கொடுத்தோம், வாட்ஸ்அப்பும் என்னிடம் திரும்பியது. ஆனாலும் பயம் போகாமல், இனிமேல் ஆஸ்பத்திரி என்று என் நம்பரில், என் குரலில், என் முகத்தோடு வீடியோவில் வந்தாலும் கட் பண்ணிவிடு, தெரிந்த ஆள் வாசலில் வந்து சொன்னால் மட்டும் நம்பு என்று மகளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் வாயால் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

ஆவணியில் பணம் திரும்பி வந்தது. அதற்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க என் கணவர் ஒருநாள் காலையில் போனார். தேங்காயைக் கையில் வைத்தபடியே சரிந்து விழுந்ததாக ஆட்டோக்காரர் வந்து சொல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெஞ்சுவலி என்றார்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. திவ்யாவை உடனே வரச் சொல் என்றார்.

அதன் பிறகு நான் மகளைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு முடியல மக்கா, ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்றேன். திருடன் சொன்ன அதே வார்த்தைகள். அந்த நேரத்தில் ஒரு தாய் வேறு எதைச் சொல்வாள்? அதற்கு அவள் என்னிடமே சொன்னாள்:

"எங்கம்மா குரல விட்டுருங்க. ஒங்களுக்கும் ஒரு அம்மா இருப்பாள்ல."

வைத்துவிட்டாள். என் நம்பரை பிளாக்கும் செய்துவிட்டாள். நர்ஸ் ரெஷ்மா இரக்கப்பட்டுத் தன் போனில் கூப்பிட்டுப் பார்த்தார், அதையும் கட் செய்தாள். மருமகன் கப்பலில் இருந்ததால் அவரைப் பிடிக்க முடியவில்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையைப் பெற்றதற்கு அன்றைக்கு நான் ஆத்திரப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு, வடசேரிச் சந்தையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் வேன் டிரைவர் செல்வகணேஷின் நினைவு வந்தது. திவ்யாவுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விஷயத்தைச் சொன்னதும் பாதிச் சரக்கை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டார். என் கணவர் மறுபடியும் திவ்யா எங்கே என்று கேட்டார். பாதி வழி வந்தாச்சு, களியக்காவிளை தாண்டிவிட்டாள் என்றேன். அது பொய். செல்வகணேஷே இன்னும் வடசேரி போய்ச் சேரவில்லை. அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு அவர் கண்ணை மூடினார், பிறகு திறக்கவில்லை. மகள் அதே வேனில் வந்து இறங்கியபோது சாயங்காலமாகிவிட்டது.

இன்றுவரை அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து அவளால் எந்தப் போனையும் கட் செய்ய முடியவில்லை. லோன் வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது, உங்கள் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று எந்த ஏமாற்றுக்காரன் கூப்பிட்டாலும், அவன் பேசி முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். போன வாரம் நான் அவள் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான் எவனோ பேசிக்கொண்டிருந்தான். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. வையேன் அதை என்றேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நெசமா இருந்துட்டா என்னம்மா செய்ய?" என்றாள்.

ஆகையால் நஷ்டம் ஏதும் இல்லை என்று எழுத நான் சம்மதிக்கவில்லை. மேலே எழுதியதை அஸ்வதி எனக்குத் தமிழில் படித்துக் காட்ட, நான் சொன்னபடியே உண்மையாக இருப்பதைக் கேட்டறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செண்பகவல்லி