காற்றுக்குக் கட்டளையிட்ட மன்னர்கள்

தலைமை ஏற்று, தம் மீசையாலேயே இந்த மேடைக்கு நிழல் தந்துகொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் ஐயா தவராசா அவர்களே! அவர் அருகில் அமர்ந்து என் முகம் பாராமல் கைக்கடிகாரமே பார்க்கும் செயலாளர் பாஸ்கரன் அவர்களே! ஒனிஹங்காவிலிருந்து ரயிலேறியும் பிளாட் புஷ்ஷிலிருந்து காரேறியும் வந்திருக்கும் பெரியோர்களே! வடைத் தட்டுக்கு மேலாக என்னை வாஞ்சையோடு நோக்கும் தாய்மார்களே! ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் தமிழில் கைதட்டத் தெரிந்த செல்வங்களே! ஆல்பனியிலிருந்து பாலம் கடந்து வந்த பூங்கோதையின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் இயற்கையும் இறங்கிவராத மன்னர்களும்'. தலைப்பைத் தேர்ந்தவர் நம் தலைவர். ஆகவே இனி நடக்கப்போவதற்கு நான் பொறுப்பல்ல!

அன்பர்களே! அந்த நாடகங்களில் மன்னன் முழங்குவான். முகில் அதைவிட முழங்கும். அவன் ஆணையிடுவான், ஆறு கேட்காது. நமக்கு நாணல் எப்படியோ, அவர்களுக்கு ஆற்றங்கரை மரம் அப்படி. வெள்ளத்தில் வளையாமல் வேரோடு சாயும் மரத்தைக் காட்டுவார்கள். புயலில் கப்பற்பாயைத் தளர்த்தாமல் கவிழும் மாலுமியைக் காட்டுவார்கள். பெற்ற பிள்ளையே வந்து கெஞ்சும். மன்னன் கேட்பானா? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான்! பறவைகளைப் பார்த்துக் குறி சொல்லும் முதியவர் எச்சரித்தால், அவரையும் ஏசித் துரத்துவான்.

ஏன் இத்தனை மரம், இத்தனை கடல், இத்தனை காற்று? எந்த மனிதருக்கும் அஞ்சாத மன்னன் முன்னால், அவன் அதிகாரத்துக்கு அடங்காத ஒன்றை நிறுத்த வேண்டும். இயற்கையை விட்டால் வேறு எதை நிறுத்துவது?

என்ன, முன்வரிசையில்? 'எந்த ராசா' என்றா? பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்!

இந்த ஊரில் காற்று பலமாக அடித்தால் துறைமுகத்தைக் கடக்கும் ஹார்பர் பாலத்திலேயே வாகனத் தடங்களை மூடிவிடுகிறார்கள். அரசாங்கமே காற்றுக்கு அடங்குகிறது. அடங்காதவர் ஒருவர்தான் உண்டு. அவர் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ற ஆண்டுப் பொங்கல். மனுக்கோ கடற்கரையில், திறந்த வெளியில் பந்தல். அப்போது தலைவரின் தங்கை, அன்று நம் செயற்குழுவில் இருந்த ரதிதேவி அம்மா வந்து சொன்னார்: "அண்ணா, கடற்பறவை எல்லாம் புல்லுக்குள்ள வந்து ஒதுங்கி நிக்குது. காத்து வரப்போகுது. மண்டபத்துக்குள்ள வைப்பம்."

மன்னர் என்ன சொன்னார்? "குருவியைப் பாத்து நான் பொங்க ஏலாது!"

பந்தல் எழுந்தது; பார்த்தோம். பறந்தது, பார்த்தோம். மனுக்கோ கடலில் மிதந்தது; அதையும் பார்த்தோம்! பானையில் அரிசி பாதி, மணல் பாதி. அந்த நேரம் பார்த்து ரதிதேவி அம்மா ஒலிவாங்கியைப் பிடித்து, "நான் அப்பவே சொன்னனான்!" என்றார். அம்மா, சொன்னது சரி. ஒலிபெருக்கியில்தான் சொல்ல வேண்டுமா?

அன்று நின்றது பேச்சு. தங்கைக்குக் குழுவிலும் இடமில்லை என்றார் தலைவர். பிளாட் புஷ்ஷில் இரண்டே தெரு இடைவெளியில் வீடு. கடையில் அண்ணன் வெண்டைக்காய்ப் பக்கம் வந்தால் தங்கை அரிசிப் பக்கம் போகிறார். நாமும் பார்த்துச் சிரிக்கிறோம்.

இனிச் சிரிக்காமல் கேளுங்கள். வருகிற வியாழக்கிழமை ரதிதேவி அம்மா மகள் நிலானியோடு கடல் கடந்து பிரிஸ்பேனுக்கே குடிபோகிறார். அதோ, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் இதைச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியாது. திட்டுவதென்றால் பிறகு திட்டுங்கள், அம்மா.

கிரேக்க மன்னனும் கடைசியில் மனம் மாறுவான். ஓடுவான். கதவைத் திறப்பான். உள்ளே பேச ஆளே இருக்காது! திருந்திய மனத்தோடு தேடி வந்தவனுக்கு வெறும் வீடு மிஞ்சுவதைவிடப் பெரிய துயரம் உண்டா? ஐயா! பந்தல் போனால் பந்தல் வாங்கலாம். பானை போனால் பானை வாங்கலாம். உடன்பிறந்தவளை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? யாருக்காக இந்த வைராக்கியம்? எதற்காக இந்த இறுக்கம்? எத்தனை நாளைக்கு இந்த மௌனம்? பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் சபையில் சொல்கிறேன்.

பாஸ்கரன் சார், மணியை அடிக்காதீர்கள்! ஐயா எழுந்துவிட்டார். ஒலிவாங்கியைக் கேட்கிறாரோ? இல்லை... படி இறங்குகிறார். வழி விடுங்கள், தம்பிமாரே, கொஞ்சம் வழி விடுங்கள்!

அம்மாவின் முன்னால் நின்றுவிட்டார். அமைதி, அமைதி! என்ன சொல்கிறார்? "வியாழக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவன்" என்கிறார். அம்மா? கண்ணைத் துடைத்துக்கொண்டே, "காத்து அடிச்சால்?" என்கிறார். சிரிக்காதீர்கள், பதில் வரட்டும்!

கேட்டீர்களா, சபையோரே? நம் தலைவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டீர்களா? "நீ சொல்லு, ரதி. நீ சொல்லுற நேரம் வெளிக்கிடுவம்."

இதற்கு மேல் நான் பேசினால் என்னைவிடப் பிடிவாதக்காரி இருக்க முடியாது. பொறுமையோடு கேட்ட சபைக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட அந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!