எறும்புச் செடிக் கசாயம்

எறும்புச் செடிக்கு நயினாதீவுக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவராது, ஐயா. உவர். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மலேசியாவில் இருக்கும் சித்தி கொண்டுவந்து தந்தவை. அடிக்கிழங்கு பந்துபோல ஊதியிருக்கும். வெட்டினால் உள்ளே முழுக்கப் பாதைகள், எறும்புகளின் குடியிருப்பு. கிழங்கைக் காயவைத்து அவித்துக் குடித்தால் கட்டி கரையும் என்று சித்தி சொன்னா.

என் தம்பி றஜீபனின் மனைவி துஷாந்தினிக்கு அந்தச் செடிகளைக் கண்ணில் காட்டக் கூடாது. சீனிப் போத்தலுக்குள் எறும்பு வருகிறதாம். நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றுக்கும் எறும்பு மருந்து தூவிவிட்டாள். வந்து கேட்டேன். "எறும்புக்கு மினக்கெட்டு வீடு கட்டிக் குடுக்கிற விசரை இப்பத்தான் பாக்கிறன்" என்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். செடிகளும் பட்டுப்போய் ஒன்றுதான் மிஞ்சியது. அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்காது.

பிறகு எனக்கு மார்பில் கட்டி வந்தது. கசாயம் குடித்தேன். கொழும்பில் சிநேகிதி வீட்டில் கொஞ்ச நாள் நின்றுவிட்டு வந்தேன், கட்டி இல்லை. செடிதான் கரைத்தது என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த வருடம் துஷாந்தினிக்கும் மார்பில் கட்டி. யாழ்ப்பாணத்தில் உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். அவளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். என்னிடம் வந்தாள்.

"மச்சாள், உங்கட கட்டியை உந்தக் கசாயம்தானே மாத்தினது?"

"ஓம்."

நானாகக் கூப்பிடவில்லை, ஐயா. கேட்டவள் அவள். மிஞ்சிய செடி போதாமல் சித்தியிடமிருந்து காய்ந்த கிழங்கு எடுப்பித்து, காலையும் மாலையும் அவித்துக் கொடுத்தேன். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

ஒருநாள் வள்ளம் ஏற உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "இது பெருக்குது மச்சாள். ஆஸ்பத்திரிக்குப் போகட்டோ?"

"இப்ப போனீர் எண்டால் இவ்வளவு நாளும் குடிச்சது வீண். கரைய முதல் ஒருக்கா வீங்கும். எனக்கும் வீங்கினது."

உடுப்பை மாற்றிவிட்டு வந்து கசாயத்தைக் குடித்தாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் கட்டிலில் இருந்தேன். சட்டையைத் திறந்து, கொழும்பில் கட்டியை வெட்டி எடுத்த தழும்பைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தம்பி அவள் மூச்சு அடங்கும்வரை, "உமக்குச் சுகம் வந்திடும்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அவளுக்கு உண்மையைச் சொன்னவள் நான் ஒருத்திதான், ஐயா.