படத்தில் ஏறிய தேள்

"அந்தப் படத்துல மூஞ்சி மட்டுந்தான், கண்ணு, பண்ணாடிச்சியோடது. கையி ரெண்டும் என்னுது."

எழுபதுகளில் ஒருநாள், சித்தூரிலிருந்து மீனாட்சிபுரம் போகிற பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். பண்ணையார் வீட்டில் வேலை செய்கிற மூத்தவள்தான் பண்ணாடிச்சியை, அதாவது பண்ணையாரின் மனைவியை, பற்றி இப்படிச் சொன்னாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"அதெப்படீங்கக்கா?" என்றாள் இளையவள்.

"மெட்ராஸ்ல இருந்து வந்த ஓவியரு. கவர்னரையெல்லாம் வரஞ்ச ஆளாமா. மூஞ்சி முடியற வரைக்கும் அம்மா உக்காந்தாங்க. அப்பறம் இடுப்பு வலின்னு எந்திரிச்சுட்டாங்க. அவங்க பட்டுச்சீலையவும் வளையலையும் எனக்குப் போட்டு உக்கார வெச்சுட்டாரு."

"செரி, அப்பறம்?"

"உள்ளத உள்ளபடி வரையறவராமா. என்ற கையில பச்ச குத்துன தேளையும் சேத்தி வரஞ்சுட்டு ஊருக்குப் போயிட்டாரு."

"அய்யோ! அழிக்கலீங்களா?"

"அத்தன பெரிய ஆளு வரஞ்சத ஆரு தொடறது? வந்த சொந்தமெல்லாம், 'அம்மிணி, நீ எப்பப் பச்ச குத்துன?'ன்னு கேட்டாங்க. கடசீல பச்ச குத்தறவள ஊட்டுக்கே வரச்சொல்லி, அதே எடத்துல அதே தேளக் குத்திக்கிட்டாங்க."

"வலிச்சிருக்குமுங்களே!"

"வலிக்காமயா? கொழந்தையாட்ட அழுதாங்க. அப்ப அவங்களப் புடிச்சுட்டு உக்காந்திருந்ததும் இதே கையிதான்."