மிச்சம் மூன்றடி

எங்கள் வீட்டில் ஓட்டை வாளியை யாரும் தூக்கிப்போடுவதில்லை. மண்ணைக் கொட்டி அக்கா அதில் கறிவேப்பிலை நடுவாள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எங்கள் வாசலில் அப்படி நான்கு வாளிகள் இருக்கின்றன. ஐந்தாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன், ஷரீஃபா மேடம். விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையை மாமாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவரால் இனி வாசிக்க முடியாது. மூன்றாம் பக்கத்தில், 'உதவியாளர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்; தொட்டி காலியாகும் நேரத்தைக் கணக்கிடத் தெரியாதவர்' என்று இருக்கிறது. அது தவறு.

மாமா என்றால் தயாளன், குமுதா அக்காவின் கணவர். தொழிற்சாலைத் தொட்டிகளைக் கழுவும் குத்தகை வேலை. நான் பதினாறு வயதில் நாலாம் படிவம் படிக்கும்போது அவரிடம் இருந்த ஆள் நின்றுவிட்டார். மறு வாரமே மாமா என் பள்ளிச் சீருடையைத் தொட்டி துடைக்க எடுத்துக்கொண்டார். நல்ல துணி. தண்ணீரை நன்றாக இழுத்தது.

என் வேலை கடிகாரம் பார்ப்பது. தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்ததும் மாமா மேலே ஏறி, கோலை விட்டு, முதல் ஓர் அடி இறங்க எத்தனை நிமிடம் என்று பார்ப்பார். அதைத் தொட்டியின் உயரத்தால் பெருக்குவார். அத்தனை நிமிடம் ஆனதும் கீழே இருக்கும் இரும்புக் கதவைக் கழற்றி உள்ளே போவார்.

முதல் நாளே அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் ஓட்டை வாளிக்குள் கோடுகள் கிழித்துப் பார்த்தேன். நிறைய இருக்கும்போது தண்ணீர் வேகமாக ஓடுகிறது; குறையக் குறைய மெதுவாகிறது. மேலே நிற்கும் தண்ணீர்தான் கீழே இருப்பதைத் தள்ளுகிறது. மாமாவின் பெருக்கல்படி வாளி காலியாக வேண்டிய நேரத்தில் கால்வாசி மிச்சம் நின்றது. முழுதும் வடிய ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். நாற்பது தடவை செய்து நோட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவரைக் காப்பாற்றியது நான்தான். கேண்டீனிலிருந்து "ஆச்சா?" என்று கத்துவார். "இன்னும் இல்ல மாமா" என்பேன். இரண்டு மடங்கு நேரம் போன பிறகே ஆச்சு என்பேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒரு நாள் அவரே கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நான் நோட்டை விரித்து விளக்கினேன். அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஜெயராஜும் பக்கத்தில் இருந்தார்.

"பாத்தீங்களா ஜெயராஜ், நம்ம வீட்ல ஒரு புரொபசர் இருக்கு. ஓட்ட வாளியில பாஸ் பண்ணிருக்குலா."

"விடுங்க பாஸ், சின்னப் பொண்ணு" என்று அவர் சிரித்தார்.

மாமா என்னை அறைந்துவிட்டு நோட்டைக் கழிவுக் குழியில் போட்டார். "ஒரு அடிக்கு அஞ்சு நிமிஷம்னா பத்து அடிக்கு அம்பது. இந்தக் கணக்க கிரா பண்ண என்னா படிப்பு வேணும்? இனிமே நான் சொன்ன நேரம் ஆனா, ஆச்சுன்னு சொல்லு. மண்டைய யூஸ் பண்ணாத."

சொன்னபடி செய்வது எனக்குச் சிரமமில்லை. ஆனால் அடுத்து வந்த மூன்றும் தண்ணீர்த் தொட்டிகள். அவற்றில் கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளிவைத்துப் பழையபடியே தாமதித்தேன். கால் நனைந்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

நான்காவது, புக்கிட் தெங்காவில், போத்தல் கழுவும் தொழிற்சாலை. பன்னிரண்டு அடித் தொட்டி. உள்ளே சூடு ஆறாத காஸ்டிக் சோடா. உடம்பில் பட்டால் என்ன செய்யும் என்று தொட்டியிலேயே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. மூன்றையும் வாசித்தேன்.

முதல் அடி ஐந்து நிமிடத்தில் இறங்கியது. ஒரு மணி நேரம் ஆனதும் மாமாவைக் கூப்பிட்டேன்.

"ஆச்சா?"

"நீங்க சொன்ன நேரம் ஆச்சு மாமா."

"காலிதானே?"

"உங்க கணக்குப்படி காலி."

"அது. அடி வாங்குனாத்தான் புத்தி வருது உனக்கு" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவின் முன் குந்தினார். முகக் கவசத்தை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். காலித் தொட்டிக்கு அது எதற்கு.

உள்ளே மூன்றடி மிச்சம் இருந்தது.

இப்போது அக்கா அவருக்குச் சோறு ஊட்டுகிறாள். "நீயும் அங்கதான நின்ன, உனக்கு ஒண்ணும் ஆகலியே, அதுவே போதும்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா அடிக்கடி மணி கேட்கிறார். சரியான மணியைச் சொல்கிறேன்.

அன்று நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனியுங்கள். கணக்கு அவருடையது, உத்தரவு அவருடையது, நட்டைக் கழற்றிய கையும் அவருடையதுதான். யாருக்கும் நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. கணக்குத் தெரியாதவள் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

சான்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. கதவின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரம். உள்ளே மூன்றடி நிற்கும்போது திறந்தால், பாய்வது மூன்றடி தூரத்துக்குள் தரையில் விழும். நான் ஐந்தடி தள்ளி நின்றேன். புகைப்படத்தில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. தொழிற்சாலை போட்ட பாதுகாப்புக் கோடு என்று அதன் கீழே எழுதியிருக்கிறீர்கள். அது நான் காலையில், குழாயைத் திறக்கும் முன்பே, சாக்கட்டியால் போட்டது.