நேற்று மாறியவை

வீட்டில் கத்தரிக்கோல் இடம் மாறினால்கூட எனக்குத் தூக்கம் வராது. உனக்கே தெரியும், மகளே. அலுவலகத்தில் அந்தக் குணத்துக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். எந்த ஃபோல்டரில் எந்த ஃபைல் நேற்று மாறியது என்று தேடிக் காட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவைத்துக்கொண்டு, சர்வர் அறைக்கே ராஜா என்று திரிந்தேன்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். காது கேளாத பிள்ளைகள் பேசப் பழகுவதைப் பற்றி. முதல் அத்தியாயம் முடிவதற்குள் சொந்தக்காரர்கள் 'டாக்டரம்மா' என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு விருந்தில் என்னை 'டாக்டரம்மா வீட்டுக்காரர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். நானும் சிரித்தேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்கிரிப்டை அவள் கணினியில் போட்டேன். அன்றன்று அவள் எழுதியதை அது எடுத்துக்கொடுக்கும். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பதினொரு பிள்ளைகளைப் பதினேழு ஆக்குவேன்; ஒரு பத்தியை எடுத்துவிடுவேன்; ஃபைலுக்குப் பழைய தேதியைப் போட்டுவைப்பேன்.

"ஏங்க, இதை நேத்துதானே திருத்தினேன்?"

"தேதியப் பாரு. நீ தொட்டே பத்து நாளாச்சு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான்தான் சொல்றேனா?"

முதலில் இப்படிச் சண்டைக்கு வந்தாள். பிறகு வரவில்லை. உன் பெரியம்மா கடைசிக் காலத்தில், தான் பெற்ற மகனையே "தம்பி, யாரு வேணும்?" என்று கேட்டவர். "அக்காவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது," என்றாள். அதை நான் சொல்லவில்லை, கவனி. ஆமாம் என்று மட்டும்தான் சொன்னேன்.

மருத்துவரிடம் அழைத்துப் போனதும் நான்தான், அவளுக்காகப் பேசியதும் நான்தான். மாத்திரை அவளைப் பகலிலும் தூங்கவைத்தது. ஆய்வை விட்டுவிட்டாள். முழுசாக மறப்பதற்குள் என்று கணினியில் இருந்த குடும்பப் படங்களுக்குக் கீழே பெயர் எழுதத் தொடங்கினாள். ஸ்கிரிப்டை அந்த ஃபோல்டருக்குத் திருப்பி, பெயர்களை மாற்றிவைத்தேன். உன் படத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அப்பனுக்கும் மனசு இருக்கிறது.

இன்று நீ வந்து கணினியைத் துழாவினாய்.

"அம்மா நேத்து என்கூட போன்ல பேசிக்கிட்டேதான்ப்பா பேர் எழுதினாங்க. இங்க எல்லாமே போன மாசத் தேதி காட்டுது. நேத்து மாறினது ஒரே ஒரு ஃபைல். அது உங்களோடது."

நேற்று ஸ்கிரிப்டில் ஒரு வரியைத் திருத்தினேன்; அதன் தேதியை மட்டும் மாற்ற மறந்திருக்கிறேன்.

ஆமாம், எல்லாம் நான்தான். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. குளித்தாயிற்றா என்றுகூட என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள். அவள் நம்புவதற்கு இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?