கசார் ராஜாவும் கல்யாணப் பேச்சும்

கடல் கடந்த ஊரான தன்லியினுக்குப் போகும் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. முன் சீட்டில் கழுத்தில் சிலுவை தொங்கியவர், பக்கத்திலிருந்த திருநீற்றுக்காரரிடம் தமிழில் சொன்னார்.

"கசார் ராஜாவே மதம் மாறினான், சம்பந்தி."

"நாம இன்னும் சம்பந்தி ஆகல. யாரு அந்த ராஜா?"

"ருஷ்யாப் பக்கம், ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஆண்டவன். கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர்னு மூணு பேரையும் கூப்பிட்டு வாதாட விட்டான். கடைசியில யூதனா மாறிட்டானாம்."

"உங்க பக்கமே வரல. அந்தக் கதைய எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பாதிரியார் சொல்லச் சொன்னாரா?"

"சேச்சே. மாறுறது ராஜாவுக்கே கௌரவக் குறைச்சலா இல்லன்னு சொன்னேன்."

"சர்ச்சுல தாலி கட்டணும்னா எம்பொண்ணு முதல்ல ஞானஸ்நானம் எடுக்கணும். அதுக்குத்தானே ருஷ்யா வரைக்கும் சுத்துறீங்க?"

சிலுவைக்காரர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். திருநீற்றுக்காரர் விடவில்லை.

"சரி, அந்தக் கசார் ஜனம் இப்ப எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. சண்டையில ராஜ்யம் போச்சு. ஜனமும் மத்தவங்களோட கலந்து போச்சு."

"ராஜா மதம் மாறியுமா?"

பஸ் பாலத்தை விட்டு இறங்கியதும் திருநீற்றுக்காரர் அவர் தோளைத் தொட்டார்.

"மாறுறது கௌரவக் குறைச்சல் இல்லன்னா, உங்க மகன வேணா மாறச் சொல்லுங்க, சம்பந்தி."